பாலாவில் பதின்மூன்று முறை: கே.எம். மாணியின் சட்டமன்ற வாழ்க்கை

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், மீனச்சில் ஆற்றங்கரையில் இருக்கிறது பாலா. ரப்பர் தோட்டங்களும் தேவாலயங்களும் நிறைந்த ஊர். இந்தத் தொகுதி உருவான 1965 முதல் 2016 வரை நடந்த 13 பொதுத்தேர்தல்களிலும் அங்கே ஒரே ஒருவர்தான் வென்றார்: கரிங்கோழக்கல் மாணி மாணி என்கிற கே.எம். மாணி. ஊர்க்காரர்களுக்கு 'மாணி சார்'. காங்கிரஸ் அணியில் நின்றும் வென்றார், காங்கிரஸை எதிர்த்து நின்றும் வென்றார், மார்க்சிஸ்ட்டுகளோடு கைகோத்த தேர்தலிலும் வென்றார். அவருடைய கட்சி எத்தனை முறை உடைந்தது என்று கணக்கு வைத்திருப்பவர்கள் கேரளத்திலேயே குறைவு. அத்தனை உடைவிலும் பாலா அவரை விட்டுப் போகவில்லை.

2019 ஏப்ரல் 9 அன்று கொச்சி மருத்துவமனையில் 86 வயதில் மாணி இறந்தார். செப்டம்பரில் இடைத்தேர்தல் வந்தது. அரை நூற்றாண்டு கைவசம் இருந்த தொகுதியை அவருடைய கட்சி ஆறு மாதம்கூடத் தக்கவைக்க முடியாமல் இழந்தது. நீண்டகாலம் சட்டமன்றத்தில் இருந்தவர்களைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் சாதனைப் பட்டியலோடு நின்றுவிடுகிறோம். மாணியைப் பொறுத்தவரை அது போதாது. இவ்வளவு உறுதியாக இருந்த ஒன்று இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கைநழுவியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 13 வெற்றிகளும் எதன்மேல் நின்றன என்று விளங்கும். என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: பாலா ஒரு கட்சிக்கோ அணிக்கோ விழுந்த தொகுதி அல்ல. ரப்பர் விவசாயிக்கும் திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்துக்கும் நடுவில் நின்ற ஒரு மனிதருக்கு விழுந்த தொகுதி.

கூடாத சட்டமன்றத்தின் உறுப்பினர்

மாணி பிறந்தது 1933 ஜனவரி 30 அன்று, பாலாவுக்கு அருகில் உள்ள மரங்ஙாட்டுப்பிள்ளியில், ஒரு விவசாயக் குடும்பத்தில். சென்னை சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பி வழக்கறிஞரானார். காங்கிரஸில் சேர்ந்து கோட்டயம் மாவட்டக் காங்கிரஸ் செயலாளர்களில் ஒருவராக இருந்தார்.

1964இல் கேரளத்தில் காங்கிரஸ் கட்சி வெடித்தது. உள்துறை அமைச்சராக இருந்த பி.டி. சாக்கோ பதவி விலக நேர்ந்து, அந்த ஆகஸ்டில் திடீரென இறந்துபோனார். அவருக்குத் துரோகம் நடந்துவிட்டதாகக் கொதித்த 15 காங்கிரஸ் உறுப்பினர்கள் செப்டம்பரில் சொந்த முதல்வர் ஆர். சங்கருக்கு எதிராக வாக்களித்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அக்டோபர் 9 அன்று கோட்டயம் திருநக்கரை மைதானத்தில் 'கேரள காங்கிரஸ்' என்று புதுக் கட்சிக்குப் பெயர் சூட்டியவர் நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபன். முன்னால் நின்று நடத்தியவர்கள் கே.எம். ஜார்ஜும் ஆர். பாலகிருஷ்ண பிள்ளையும். மத்தியத் திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவ விவசாயிகளும் நாயர்களும் ஒரே மேடையில் நின்ற அபூர்வமான நேரம் அது.

அந்த 15 பேரில் மாணி இல்லை. அவர் அப்போது உறுப்பினரே அல்ல. புதுக் கட்சி புதுத் தொகுதியான பாலாவை அவருக்குக் கொடுத்தது. 1965 மார்ச் தேர்தலில், 32 வயதில் வென்றார். ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அந்தச் சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. ஆகவே அவருடைய 13 வெற்றிகளில் முதலாவது, பதவியேற்பே இல்லாத வெற்றி.

1967இல் கேரள காங்கிரஸ் தனித்து நின்று ஐந்தே இடங்களில் வென்றது. அந்த ஐந்தில் பாலா ஒன்று. அந்த ஆண்டு சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர் 52 ஆண்டுகள் கழித்து இறக்கும்வரை வெளியே வரவில்லை. 1970 தேர்தல் மட்டும் கயிற்றின்மேல் நடந்தது. காங்கிரஸ் சார்பில் நின்றவர் எம்.எம். ஜேக்கப், பிற்காலத்தில் மத்திய அமைச்சராகவும் மேகாலய ஆளுநராகவும் ஆனவர். மாணி 23,350, ஜேக்கப் 22,986. வித்தியாசம் 364 வாக்குகள். அன்று அந்த 364 பேர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் கேரள அரசியலின் அடுத்த ஐம்பது ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொல்வதில் மிகை இல்லை.

அணி மாறியும் ஆள் மாறாமல்

நெருக்கடி நிலை வந்தபோது கேரள காங்கிரஸ் எதிர்க்கட்சி. ஜார்ஜும் பிள்ளையும் சிறையில் இருந்தார்கள். 1975 டிசம்பரில் நிலைமை தலைகீழானது: கட்சி அச்சுத மேனன் அரசில் சேர்ந்தது, மாணி நிதி அமைச்சரானார். ஜார்ஜ் கட்சியைக் கவனிக்க வேண்டும், மாணி அமைச்சராக வேண்டும் என்ற ஏற்பாடு ஜார்ஜுக்கு மனக்கசப்பை உண்டாக்கியது. 1976 டிசம்பரில் ஜார்ஜ் இறந்தார். 1977இல் பாலகிருஷ்ண பிள்ளை தனியே போனார். முதல் பிளவு அது.

அதே ஆண்டு மாணி உள்துறை அமைச்சர். அவர் வெற்றியை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்று சொல்ல, டிசம்பரில் பதவி விலகினார். அந்த நாற்காலியில் கட்சியின் இளம் தலைவர் பி.ஜே. ஜோசப் அமர்ந்தார். முல்லைப் பெரியாறு விவகாரம் சூடாக இருந்த நாட்களில் கேரள நீர்வளத் துறை அமைச்சராகத் தமிழகத்தில் அடிக்கடி அடிபட்ட பெயர் இவருடையதுதான். உச்ச நீதிமன்றம் மாணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் 1978 செப்டம்பரில் ஜோசப் விலகி இடம் கொடுத்தார். அதற்கு ஈடாகக் கட்சியில் தனக்கு உரிய இடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. 1979இல் கட்சி இரண்டானது. மாணியின் பாதி, கேரள காங்கிரஸ் (எம்) ஆயிற்று.

மாணியும் ஜோசப்பும் 1985இல் சேர்ந்தார்கள், 1987இல் பிரிந்தார்கள், 2010இல் மறுபடி சேர்ந்தார்கள். நடுவில் டி.எம். ஜேக்கப், பி.சி. தாமஸ், பி.சி. ஜார்ஜ் என்று ஒவ்வொருவராக ஒரு கேரள காங்கிரஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். 'வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் கட்சி' என்று மாணி சொன்னது கேரளத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 1965இல் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்ற கட்சி அது. அதற்குப் பிறகு மாணியின் பிரிவு அந்த எண்ணிக்கையை எட்டிப்பிடிக்கவே இல்லை. 2016இல் ஆறு இடங்கள். வளர்ந்தது கட்சி அல்ல, பேரம் பேசும் பலம். 140 பேர் கொண்ட அவையில் இரண்டு அணிகளும் மயிரிழையில் வெல்வதும் தோற்பதுமாக இருக்கும்போது, எட்டு பத்து உறுப்பினர்களைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பவர் கையில் ஆட்சியின் சாவி இருக்கும். 2011இல் உம்மன் சாண்டி 72 உறுப்பினர்களோடு ஆட்சி அமைத்தார். அதில் மாணியின் ஆட்கள் ஒன்பது பேர்.

அந்தச் சாவியை வைத்து முதல்வர் அறையைத் திறக்க அவர் முயன்றது 1979இல். சி.எச். முகம்மது கோயா அரசு நிலைகுலைந்த நேரத்தில் மாணி தானே ஆட்சி அமைக்கப் பார்த்தார். ஆளுநர் சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டார். அந்த ஆளுநர் ஜோதி வெங்கடாசலம், அதற்கு முன் சென்னை மாநில அமைச்சராக இருந்த நம்மூர் அரசியல்வாதி. அதன்பிறகு அந்த நாற்காலிக்கு அவ்வளவு அருகில் மாணி போகவில்லை. 2016க்கு முன்பு இடதுசாரிகளே அவரை முதல்வராக்கத் தயாராக இருந்தார்கள் என்ற பேச்சு மட்டும் கட்சிக்காரர்களிடம் கடைசிவரை இருந்தது.

1980இல் இடது அணியோடு சேர்ந்து நாயனார் அரசில் நிதி அமைச்சர். 1981இல் அந்த அரசிலிருந்து விலகி, ஆண்டு முடிவதற்குள் கருணாகரன் அரசில் அமைச்சர். சபாநாயகரின் வாக்கால் உயிர் பிழைத்து மூன்று மாதம்கூட முழுதாக ஓடாத அரசு அது. 1982 முதல் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிதான் அவர் வீடு. கருணாகரன், அந்தோணி, சாண்டி என்று முதல்வர்கள் மாறினாலும் நிதி, வருவாய், சட்டம் ஆகிய துறைகளில் ஏதேனும் ஒன்று அவரிடம் இருக்கும்.

ரப்பரும் பட்டாவும்

பாலா ஏன் அவரை விடவில்லை என்பதற்கான விடை இந்த அணி மாற்றங்களில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் விளையும் குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டயத்தில் ரப்பர் என்பது பெரும்பாலும் எஸ்டேட் முதலாளியின் பயிர் அல்ல. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தின் பயிர். விடியுமுன் மரத்தில் கத்தி வைத்துப் பட்டையைச் சீவுவார்கள். சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு வந்து, தட்டுகளில் ஊற்றி, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூண்டில் உலர்த்துவார்கள். அந்த ரப்பர் ஷீட்டுகளைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டால் கையில் பணம். பிள்ளையின் நர்சிங் படிப்பும் மகளின் கல்யாணமும் வீட்டுக் கடனும் அந்த ஒரு கிலோ விலையில்தான் நிற்கின்றன. விலையோ அந்தக் குடும்பம் தீர்மானிப்பது அல்ல. டயர் கம்பெனியும் இறக்குமதி வரியும் உலகச் சந்தையும் தீர்மானிப்பது.

இப்படிப்பட்ட விவசாயிக்கு அரசிடம் தேவைப்படுவது தத்துவம் அல்ல, தலையீடு. வரியைக் குறை, விலை விழுந்தால் வாங்கு, நிலத்துக்குப் பட்டா கொடு. மாணி பேசிய அரசியல் இதுதான். தொழிலாளி வர்க்கம் என்று கம்யூனிஸ்ட்டுகள் சொன்ன இடத்தில் அவர் 'அத்வான வர்க்கம்', அதாவது உழைக்கும் வர்க்கம் என்று ஒன்றை வைத்தார். கூலித் தொழிலாளியோடு சொந்த நிலத்தில் பாடுபடும் சிறு விவசாயியையும் அதில் சேர்த்தார். அதை ஒரு சித்தாந்தம் என்று அவர் கட்சி கொண்டாடியது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மூன்று ஏக்கர்காரனை ஜமீன்தார் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற அந்த வாதத்தில் நியாயம் இருந்தது, பாலாவுக்கு அது நன்றாகவே புரிந்தது.

பட்டா விஷயம் இன்னும் ஆழமானது. மீனச்சில் தாலுகாவிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகளாக மக்கள் இடுக்கி மலைகளுக்கும் மலபாருக்கும் குடியேறினார்கள். உணவுப் பஞ்ச காலத்தில் அரசே மலையேறிப் பயிர் செய்யச் சொன்னது. பிறகு அந்த நிலம் வனம் என்றும் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்றும் ஆனது. 1977 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களின் நிலத்தை முறைப்படுத்தும் சிறப்பு விதிகள் 1993இல் வந்தபோது வருவாய் அமைச்சர் மாணி. ஐந்து மாவட்டங்களில் சுமார் 28,500 ஹெக்டேர் நிலம் சம்பந்தப்பட்டது அது. சூழலியலாளர்கள் இதை எதிர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு குறித்த அவர்கள் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நாற்பது ஆண்டுகள் ஒரே மண்ணில் பயிர் செய்துவிட்டு வங்கியில் கடன் கேட்கப் போனால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாத குடும்பத்துக்கு மாணி யார் என்பதை இந்த ஒரு விதித் தொகுப்பு சொல்லிவிடும்.

தொகுதிக்குள் அவர் நடந்துகொண்ட முறையும் முக்கியம். கல்யாணம், மரணம், தேவாலயத் திருவிழா எதையும் விடமாட்டார் என்ற பெயர் அவருக்கு உண்டு. சாலை, பாலம், கல்லூரி என்று பட்ஜெட்டில் பாலாவின் பெயர் வராத ஆண்டு அரிது, அதை மற்ற தொகுதிக்காரர்கள் கிண்டல் செய்வதும் உண்டு. நிதி அமைச்சர் தன் தொகுதிக்கு அள்ளிக் கொடுப்பது மாநிலத்துக்கு நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வாக்காளர் அதை அப்படிப் பார்ப்பதில்லை.

பதின்மூன்று பட்ஜெட்டுகள்

கேரளத்தில் அதிக பட்ஜெட்டுகளைத் தாக்கல் செய்தவர் மாணி. அதுவும் 13. நாயனார் அரசின் நிதி அமைச்சராக இருந்த 1980இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் சமூக நலப் பென்ஷன்களுக்கு அதுதான் முன்னோடி. விவசாயிகள் கட்சிக்காரர் நிதியைக் கையில் வைத்திருந்தபோது விவசாயக் கூலிக்குப் பென்ஷன் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1986இல் அவர் போட்ட 'மிச்ச பட்ஜெட்' நேர்மாறாகப் போனது. கஜானா ஓவர்டிராஃப்டில் இருக்கும்போது மிச்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தில்லிவரை போய், அவருக்கு நிரந்தரக் கேலியாகத் தங்கிவிட்டது.

அவருடைய திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது காருண்யா. 2011-12இல் 'காருண்யா' என்ற பெயரில் புது லாட்டரி ஒன்றைத் தொடங்கி, அதன் லாபத்தை ஏழை நோயாளிகளின் புற்றுநோய், இதயம், சிறுநீரகம், ஹீமோபிலியா சிகிச்சைக்கு ஒதுக்கினார். லாட்டரி வருமானத்தில் அரசு நடத்துவது நல்ல பழக்கம் அல்ல. டிக்கெட் வாங்குகிறவனும் ஏழைதான். அது தெரிந்தும் சொல்கிறேன், டயாலிசிஸுக்குப் பணம் புரட்ட முடியாமல் வீட்டை அடகு வைத்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நிதி உண்மையான ஆதரவாக இருந்தது. பின்னால் வந்த இடது அரசு சிகிச்சைத் திட்டங்களை ஒன்றாக்கியபோதும் காருண்யா என்ற பெயரை எடுக்கவில்லை.

2015 மார்ச் 13

2014இல் தரம் போதாது என்று 418 பார்களின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்றது. அவற்றைத் திறக்க மாணி ஐந்து கோடி கேட்டார், ஒரு கோடி கொடுக்கப்பட்டது என்று அக்டோபர் இறுதியில் ஒரு பார் உரிமையாளர் தொலைக்காட்சியில் குற்றம்சாட்டினார். மாணி கடைசிவரை மறுத்தார். விஜிலன்ஸ், அதாவது கேரளத்தின் லஞ்ச ஒழிப்புத் துறை, வழக்குப் பதிவு செய்தது. பதவி விலக வேண்டும் என்றது எதிர்க்கட்சி. அவர் தனது 13ஆவது பட்ஜெட்டைத் தாக்கல் செய்தே தீருவேன் என்றார்.

மார்ச் 12 இரவு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே படுத்தார்கள். வாசலில் மறித்தால் உள்ளே வர முடியாமல் போகுமே என்று மாணியும் அன்றிரவு சட்டமன்ற வளாகத்திலேயே தங்கினார். காலை ஒன்பது மணிக்கு அவை கூடும் நேரத்தில் இடது உறுப்பினர்கள் மேடை ஏறிச் சபாநாயகரின் நாற்காலியைத் தூக்கிக் கீழே எறிந்தார்கள். கம்ப்யூட்டர், மைக் எல்லாம் பிடுங்கி வீசப்பட்டன. சபாநாயகர் என். சக்தன் தன் இடத்துக்கே போக முடியாமல் நின்ற இடத்திலிருந்து கையசைத்தார். காவலர்களும் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் சுவர் மாதிரிச் சூழ்ந்து நிற்க, 82 வயது மாணி பட்ஜெட்டின் சில பக்கங்களை வாசித்து மீதியை மேசையில் வைத்தார். ஆளுங்கட்சியினர் லட்டு கொடுத்துக் கொண்டாடினார்கள். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. ஒருபுறம் உடைந்த நாற்காலி, மறுபுறம் லட்டு. சட்டமன்றத்தை மதிக்கும் யாருக்கும் அன்று இரண்டு பக்கமும் வெட்கப்பட வேண்டிய காட்சிதான்.

அந்தக் கூச்சலில் யாரும் கேட்காமல் போனது அன்றைய பட்ஜெட்டின் முக்கியமான அறிவிப்பு. 2011இல் கிலோ 240 ரூபாய்வரை போன ரப்பர் அப்போது பாதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கிலோவுக்கு 150 ரூபாய் உறுதி செய்ய 300 கோடி ஒதுக்கினார் மாணி. சிறு விவசாயி ஊரில் உள்ள ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் பதிந்துகொண்டு, ரப்பர் ஷீட் விற்ற பில்லைக் கொடுக்க வேண்டும். ரப்பர் வாரியம் அறிவிக்கும் விலைக்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அவர் ஆயுள் முழுக்கச் செய்த அரசியலைச் சுருக்கி ஒரே திட்டத்தில் வைத்தது போன்ற திட்டம். அதை நிம்மதியாக வாசிக்கக்கூட முடியாத நிலையில் அவரை நிறுத்தியது அந்த வழக்கு.

அக்டோபரில் விஜிலன்ஸ் நீதிமன்றம் மேல் விசாரணைக்கு உத்தரவிட்டது. நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம், சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டியது. மறுநாள் மாணி பதவி விலகினார். சரக்கு சேவை வரி குறித்த மாநில நிதி அமைச்சர்கள் குழுவின் தலைவராக அந்த ஆண்டுதான் அவர் பொறுப்பேற்றிருந்தார், அதுவும் போயிற்று. பின்னர் இடது ஆட்சியிலும் விஜிலன்ஸ் ஆதாரம் இல்லை என்றே நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனாலும் குற்றச்சாட்டு எழுந்த நாளிலேயே விலகி நின்று விசாரணையைச் சந்தித்திருந்தால் அவர் பெயர் இவ்வளவு அடிபட்டிருக்காது என்பதே என் எண்ணம். ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஓராண்டு கழித்து நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது வருத்தம்.

சரிந்துகொண்டே வந்த எண்கள்

பாலாவில் அவரை எதிர்த்து 2006 முதல் மூன்று முறை நின்றவர் தேசியவாத காங்கிரஸின் மாணி சி. காப்பன், சினிமாக்காரர், பழைய வாலிபால் வீரர். மாணியின் வெற்றி வித்தியாசம் 2006இல் 7,759. 2011இல் 5,259. 2016இல் 4,703. பார் வழக்கின் உச்சத்தில் நடந்த 2016 தேர்தலில் வித்தியாசம் சில நூறுகள்தான் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கு பாலாவைப் பெரிதாக அசைக்கவில்லை. ஆனால் அசைவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள், வீட்டு வருமானத்தில் ரப்பரின் பங்கு குறைந்தது, செயலகத்துக்குப் போக மாணி சாரின் கடிதம் தேவைப்படாத ஒரு தலைமுறை வாக்காளர் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தது. 2016இல் பாஜகவும் அங்கே 24,000-க்கு மேல் வாக்கு வாங்கியது.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு, பார் வழக்கில் காங்கிரஸ்காரர்களே தன்னைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கோபத்தில் ஆகஸ்டில் அணியை விட்டு வெளியேறினார். இரண்டு ஆண்டு தனியாக உட்கார்ந்துவிட்டு 2018 ஜூனில் திரும்பினார். திரும்பியதற்குக் கிடைத்தது மகன் ஜோஸ் கே. மாணிக்கு ஒரு மாநிலங்களவை இடம். காங்கிரஸுக்குள் அது பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது. தொண்டர் பலத்தில் வளர்ந்த கட்சி ஒரு வீட்டின் கட்சியாகச் சுருங்கியது அங்கேதான் கண்கூடாகத் தெரிந்தது.

தந்தை இறந்த சில வாரங்களிலேயே தலைவர் பதவிக்காக ஜோஸும் பி.ஜே. ஜோசப்பும் மோதிக்கொண்டார்கள். கட்சியின் சின்னம் இரட்டை இலை. ஆம், கேரளத்தில் அது மாணி கட்சியின் சின்னம். செப்டம்பர் 23 இடைத்தேர்தலில் ஜோஸ் தரப்பு வேட்பாளர் ஜோஸ் டோமுக்கு அந்தச் சின்னத்தைக் கொடுக்க ஜோசப் மறுத்தார். பாலாவில் மாணிக்குப் பின் வந்த முதல் வேட்பாளர் அன்னாசிப் பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். ஐம்பது ஆண்டு மாணியின் பெயரை மட்டுமே நம்பி நடந்த தொகுதிக்குப் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. காப்பன் 54,137, ஜோஸ் டோம் 51,194. வித்தியாசம் 2,943. நான்காவது முயற்சியில் இடது அணிக்காகக் காப்பன் பாலாவைப் பிடித்தார்.

இந்த ஆய்வில் மிக முக்கியமான சான்று அதற்கு அடுத்த தேர்தல். 2020 ஜூனில் ஐக்கிய ஜனநாயக முன்னணி ஜோஸை வெளியேற்றியது. ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் கட்சிப் பெயரையும் இரட்டை இலையையும் அவருக்கே கொடுத்தது. அக்டோபரில் அவர் இடது அணியில் சேர்ந்தார். பாலா தனக்கு வேண்டும் என்றார். இடது அணி ஒப்புக்கொண்டதும், வென்ற தொகுதியைப் பறித்தார்கள் என்று காப்பன் எதிர் அணிக்குப் போனார். 2021 தேர்தலில் அதே இரண்டு தரப்பு, அணிகள் மட்டும் இடம் மாறி. மாநிலமெங்கும் இடது அணி 99 இடங்களில் வென்ற அலையில், மாணியின் மகன், மாணியின் சின்னத்தில், மாணியின் தொகுதியில் 15,378 வாக்குகளில் தோற்றார். அணி முக்கியம் என்றால் ஜோஸ் வென்றிருக்க வேண்டும். சின்னம், கட்சி, வாரிசு முக்கியம் என்றாலும் அவர்தான் வென்றிருக்க வேண்டும். மூன்றும் இருந்தும் தோற்றார். பாலா இத்தனை காலம் வாக்களித்தது இவை எதற்கும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது.

கேரளச் சட்டமன்றத்தில் நீண்டகாலம் இருந்தவர் என்ற அவருடைய சாதனையை 2022 ஆகஸ்டில் உம்மன் சாண்டி கடந்தார். சட்டமன்றத்தில் நாற்காலி உடைத்த வழக்கைத் திரும்பப் பெறக் கேரள அரசு எடுத்த முயற்சியை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அந்த வழக்கின் வாதத்தில் அரசுத் தரப்பே மாணியை ஊழல் அமைச்சர் என்று குறிப்பிட, அதே அரசில் பங்கு வகித்த அவர் கட்சி எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் கோட்டயத்தில் இரண்டு கேரள காங்கிரஸ்கள் நேருக்கு நேர் மோதின. ஜோசப் பிரிவின் பிரான்சிஸ் ஜார்ஜ், கட்சியைத் தொடங்கிய கே.எம். ஜார்ஜின் மகன், வென்றார். ரப்பர் உறுதி விலையை மட்டும் அதற்குப் பின் வந்த எந்த அரசும் நிறுத்தத் துணியவில்லை. 2021இல் 170 ரூபாய் ஆனது, 2024 பட்ஜெட்டில் 180 ஆனது. பில்லைப் பதிந்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பதுதான் விவசாயிகளுக்கு இன்னும் தீராத குறை.